கராச்சாய்-பால்கர்: உடைமை விகுதியும் வேற்றுமை உருபும் கூடும் இடத்தில் வரும் இடறல்கள்

வட காகசஸில் பேசப்படும் துருக்கியக் குடும்ப மொழியான கராச்சாய்-பால்கரில் வேற்றுமை ஆறுதான், ஒரு மாலையில் மனப்பாடமாகிவிடும். இடறுவது உடைமை விகுதிக்கு (பெயரின் பின் ஒட்டி 'என்', 'உன்', 'அவர்' என்று காட்டுவது) பின் உருபு சேரும்போது. வரிசை மாறவே மாறாது: பெயர், பன்மை, உடைமை, வேற்றுமை.

'பஷ்' என்றால் தலை. பஷும் (என் தலை), பஷுங் (உன் தலை), பஷு (அவர் தலை). இந்த உகரத்தைக் 'காசு' என்பதன் ஈற்றைப் போல இதழ் குவிக்காமல் சொல்ல வேண்டும். 'இல்' என்பதற்கான உருபு 'த'. உன் தலையில்: பஷுங்த. அவர் தலையில்: 'பஷுத' அல்ல, இடையில் ஒரு மெல்லினம் நுழைந்து பஷுந்த. ஙகரத்தைச் சரியாக ஒலிக்காவிட்டால் தலைக்குச் சொந்தக்காரரே மாறிவிடுவார்! நம் 'கு'வுக்கு ஈடான உருபு சேர்ந்தால் பஷும (என் தலைக்கு), பஷுங்க, பஷுன.

———

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் உருபு ஒன்றே: 'னு'. உறவு மொழியான கசாக்கில் ஆறாம் வேற்றுமை இன்னமும் 'னுங்'. இங்கே ஈற்று ஙகரம் உதிர்ந்துபோனது. அதனால் 'மெனி' என்றால் 'என்னை', 'என்' இரண்டும்தான். பின்னால் வரும் பெயரில் உடைமை விகுதி இருந்தால் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமை: மெனி பஷும். தமிழில் 'என் தலை' என்பதோடு நிறுத்திப் பழகியவர்கள் அந்தக் கடைசி 'உம்'மை விட்டுவிடுகிறார்கள்.

படர்க்கை உடைமையில் மட்டும் இரண்டும் பிரிந்து நிற்கும். அத்தசுன் = அவர் அப்பாவை; அத்தசுனு = அவர் அப்பாவின். தன்மை ஒருமையில் மறுபடி ஒன்றுதான், அதுவும் னகரம் இல்லாமல்: அத்தமு (என் அப்பாவை, என் அப்பாவின்).

———

தமிழருக்குச் சுலபமான இடமும் உண்டு. 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' வேறுபாடு அப்படியே இருக்கிறது: பொதுவாகச் சொன்னால் 'கித்தாப்', குறிப்பிட்ட ஒன்றென்றால் 'கித்தாப்னு'. ஆங்கில வழி படிப்பவர்கள்தான் இதில் திணறுவார்கள்.

துருக்கி மொழி தெரிந்தவர்கள் பன்மையில் கவனம். விகுதி 'லர்' அல்ல, 'ல': பஷ்ல (தலைகள்), பஷ்லத (தலைகளில்). ஆனால் உயிரில் தொடங்கும் உடைமை விகுதி வந்ததும் தொலைந்த ரகரம் திரும்பி வரும்: பஷ்லரும் (என் தலைகள்), பஷ்லரும்த. 'பஷ்லம்' என்று எழுதினால் பிழை.