கையைக் கடிக்கும் ஆண் முயல்: வைத்துக்கொள்வதா, கறிக்கு விடுவதா?

கோத்தகிரி கூண்டு:

வணக்கம். கோத்தகிரி பக்கம் 12 பெட்டை, 2 ஆண் இருக்கு. எல்லாம் ஒயிட் ஜெயண்ட். இப்போ மூணு சிக்கல்.

9 மாச ஆண் ஒண்ணு, எடை 4 கிலோவுக்கு மேல. தீவனம் போடக் கதவைத் திறந்தாலே உறுமிக்கிட்டுப் பாயுது, முன்னங்காலால அடிக்குது, மணிக்கட்டுல பல் இறங்கிடுச்சு. ஆறு மாசம் வரைக்கும் சாதுவாத்தான் இருந்தது. இணை சேர்க்கப் பெட்டையை விட்டா, ஏறுறதை விட்டுட்டு முதுகு முடியைப் பிடுங்குது.

அது போக, ஒரே கூண்டுல 13 வாரக் குட்டிங்க ஏழு. அதுல நாலு ஆண். ரெண்டு நாளா துரத்திக் கடிச்சுக்குதுங்க. ஒண்ணுக்கு விரைப்பையில கீறல்.

ஆணைக் காயடிச்சா அடங்குமா? இல்லை குழம்புதானா?

மன்னவனூர் மேடு:

குட்டிகளின் சண்டையை முதலில் பாருங்கள், அது இன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை. நான்கு ஆணையும் நான்கு அறையாகப் பிரியுங்கள். காயம்பட்டதை மட்டும் எடுத்தால் மற்ற மூன்றும் தங்களுக்குள் அடுத்த ஆளைத் தேடும். 10 முதல் 12 வாரத்தில் விரை இறங்குகிறது, சண்டையும் அதோடு தொடங்குகிறது. கடிப்பது பெரும்பாலும் விரைப்பையைத்தான். ஒரு கடியில் விரையே கிழிந்துபோவதும் உண்டு. பிரித்தவற்றை எடை பார்க்கவோ கூண்டு கழுவவோ மறுபடி ஒன்றாக விட வேண்டாம். கூடப்பிறந்தது என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. மீதி மூன்று பெட்டையை இன்னும் சில வாரம் ஒன்றாக வைக்கலாம்.

கறிக்கு வளர்ப்பவர்கள் 12 வாரத்தில், 2 கிலோ சுற்றி வந்ததும் முடித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குமேல் தின்கிற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறாது.

பெரிய ஆண் விஷயம். 6 மாதத்துக்கு மேல் கூண்டு அதன் ஊர். உள்ளே நுழையும் கை, அதற்கு இன்னொரு ஆண். முயலுக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழும் பார்வை கிடையாது. நாம் கையை நீட்டுவதோ சரியாக அந்த இடத்தில்தான். திடீரென்று ஏதோ வந்து மூக்கில் இடிக்கிறது, அது பாய்கிறது. அதனால் கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய், உயரத்திலிருந்து தலையின் மேல் உள்ளங்கையை வைத்துக் காதுகளோடு சேர்த்து மெதுவாகத் தரையோடு அழுத்துங்கள். பத்து விநாடி. தாடை தரையில் படிந்து உடம்பு தளர்ந்ததும் விட்டுவிட்டுத் தீவனம் போடுங்கள். காலையும் மாலையும் இதையே செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவை அடங்கும்.

இரண்டு தவறுகள் எல்லோரும் செய்வது. பாய்ந்ததும் கையை வெடுக்கென்று இழுப்பது முதல் தவறு. பாய்ந்தால் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். முழங்கை வரை வரும் தடித்த தோல் கையுறை போட்டால் இழுக்கத் தோன்றாது. இன்னொரு ஆணைத் தூக்கிய கையோடு, அதே சட்டையோடு இதன் கூண்டைத் திறப்பது அடுத்தது. நடுவில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அல்லது இதன் வேலையை முதலில் முடியுங்கள்.

தூக்கும்போது தோள்மேல் தோலைச் சேர்த்துப் பிடித்து, மறுகையைப் பின்புறத்துக்குக் கீழே கொடுங்கள். காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது. பின்னங்கால் தொங்கினால் உதறி உதறித் தன் முதுகெலும்பைத் தானே உடைத்துக்கொள்ளும்.

இரண்டு ஆண்களின் கூண்டும் அடுத்தடுத்து இருக்கிறதா? கம்பி வலை வழியாக மூக்கையும் விரலையும் கடிக்கும், மூத்திரம் பீய்ச்சும். நாள் முழுக்கக் கோபத்திலேயே இருக்கும். நடுவில் ஒரு தகரத் தடுப்பு போதும்.

கேத்தி கேரட்காரர்:

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. சாதுவா இருந்தது திடீர்னு மாறினா முதல்ல வலி இருக்கான்னு பாருங்க. காதுக்குள்ள பழுப்பு நிறப் பொருக்கு இருந்தா சொறி. பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தா, குதிகால்ல முடி உதிர்ந்து சிவந்து இருந்தா கம்பித்தரைப் புண். 4 கிலோ ஆணுக்கு இது சாதாரணமா வரும். ஒரு மூலையில ஓர் அடிக்கு ஓர் அடி பலகை போட்டு, வாரம் ரெண்டு தடவை மாத்திக் காய வைங்க. முன்பல் வளைஞ்சு வளர்ந்திருக்கான்னும் உதட்டை விலக்கிப் பாருங்க.

இணை சேர்க்கையில முடி பிடுங்குறதுக்கு ஆணை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. பெட்டை தயாரா இல்லைன்னா நிக்காது, ஓடும். ஓடினா அது கடிக்கும். முதல்ல பெட்டையோட உறுப்பைப் பாருங்க. வெளிறி இருந்தா விடாதீங்க. நல்லா சிவந்து தடிச்சிருந்தா காலையிலயோ சாயங்காலமோ விடுங்க. எப்பவும் பெட்டையைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டுபோகணும். மாத்திக் கொண்டுபோனா, பெட்டை தன் இடத்துக்காக இதைப் புரட்டி எடுத்துடும். ஆணோ சேராம ஒவ்வொரு மூலையா தாடையைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கும்.

விடுறதுக்கு முன்னால தீவனக் கிண்ணம், தண்ணிக் கிண்ணம் ரெண்டையும் எடுத்துடுங்க. ஆண் நகத்தோட நுனியை வெட்டிடுங்க, ரத்தக்குழாய் படாம. பக்கத்துலயே நில்லுங்க. சேர்ந்ததும் ஆண் ஒரு சத்தம் போட்டுப் பக்கவாட்டுல சாயும். அடுத்த நிமிஷமே பெட்டையை எடுத்துடணும். 5 நிமிஷத்துல நிக்கலைன்னாலும் எடுத்துட்டு மறுநாள் பாருங்க. ராத்திரி முழுக்க விட்டுவைக்கிற பழக்கம்தான் பாதிக் காயத்துக்குக் காரணம். வாரத்துக்கு 2, 3 தடவைக்கு மேல ஆணைப் பயன்படுத்தாதீங்க.

தாண்டிக்குடி காபிக்காடு:

காயம் பற்றி யாரும் சொல்லவில்லை. விரைப்பைக் கீறலைச் சுற்றி முடியை வெட்டி, ஒரு கோப்பை கொதித்து ஆறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். தினம் இருமுறை. வேப்பெண்ணெய், பினாயில் வேண்டாம், அது நக்கும். முயல் சீழ் தயிர்க்கட்டி மாதிரி இருக்கும், தானாக உடைந்து வடியாது. ஒரு வாரத்தில் கட்டி தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆட்டுக்கு வாங்கி வைத்த ஆம்பிசிலின், அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குடல் நுண்ணுயிர் கெட்டு, கழிச்சலில் செத்துப்போகும். மருத்துவர் ஊசி மருந்து போட்டால், கறிக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டு அந்தத் தேதியைக் கூண்டில் எழுதித் தொங்கவிடுங்கள்.

சண்டையை விலக்கும்போது வெறுங்கையை நுழைக்காமல் ஒரு பலகையை நடுவில் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றி விலக்கச் சொல்வார்கள். உங்கள் ஊர்க் குளிரில் நனைந்த முயல் அந்த இரவைத் தாண்டுவது கஷ்டம்.

காயடிப்பு: கறிக்குட்டிக்குச் செலவுதான் மிச்சம். வளர்ந்த ஆணுக்குச் செய்தாலும் அடங்க 4 முதல் 6 வாரம் ஆகும், இனத்துக்கும் உதவாது. அதற்கு எதற்குத் தீவனம்?

கோத்தகிரி கூண்டு:

நன்றிங்க. நாலையும் பிரிச்சாச்சு. பெரியவன் குதிகால்ல சிவப்பு இருக்கு, பலகை போட்டுட்டேன். ரெண்டு ஆண் கூண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருந்தது. இவனை எத்தனை நாள் பார்க்கலாம்?

மன்னவனூர் மேடு:

புண் ஆற ஒரு மாதம் கொடுங்கள். அதுவரை இணை சேர்க்க வேண்டாம், மற்ற ஆணை வைத்து ஓட்டுங்கள். புண் ஆறி, தடுப்பும் போட்டு, தலை அழுத்தும் பழக்கமும் மூன்று வாரம் தவறாமல் செய்த பிறகும் பாய்கிறது என்றால் கறிக்கு விடுங்கள். முரட்டுத்தனம் குட்டிக்கும் இறங்கும் குணம். அதன் ஆண் குட்டி எதையும் இனத்துக்கு நிறுத்த வேண்டாம். மாற்று ஆணை உங்கள் பட்டியிலிருந்தே எடுக்காமல், ரத்த உறவில்லாததாக சாண்டிநல்லாவிலோ மன்னவனூரிலோ ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப்பாருங்கள். வாங்கி வந்ததும் மூன்று வாரம் தனிக் கொட்டகையில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று இணைக்கு, ஏற்கெனவே ஈன்ற சாதுவான பெட்டையாக விடுங்கள். முதல் தடவையே கடிபட்ட இளம் ஆண் பிறகு ஒன்று பயந்து ஒதுங்கும், இல்லை கடிக்கப் பழகும்.

கேத்தி கேரட்காரர்:

வயசான ஆண் கறி நார் நாரா இருக்கும். குக்கர்ல நாலு விசில் கூட விடுங்க.