சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: கணக்குப்படி 17 மணி நேரம், டிக்கெட்டில் 18க்கு மேல், ஏன்?

தெம்பனிஸ்வாசி:
டிசம்பரில் அம்மாவை நியூயார்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். சாங்கியில் ஏறினால் கென்னடி விமான நிலையத்தில்தான் இறக்கம். தூரம் சுமார் 15,300 கி.மீ. என்று போட்டிருக்கிறது, மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது? டிக்கெட்டில் 18 மணி நேரத்தைத் தாண்டுகிறது. நள்ளிரவில் கிளம்பி விடிகாலையில் இறங்குவதாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஆறு மணி நேரப் பயணம் என்றே அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். 71 வயது, முட்டி வலி வேறு. இவ்வளவு நேரம் உட்காரவைக்கலாமா?

நூலும் உருண்டையும்:
15,300 என்பது பூமி உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். இரண்டு ஊரும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருப்பதால் அந்த நூல் வடதுருவத்தை ஒட்டியே போகும். விமானம் அப்படியே போவதில்லை. பல நாள் ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடந்து, மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும், தூரம் கூடினாலும் அதுதான் லாபம். திரும்பும்போதும் பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வரும். அப்புறம், டிக்கெட்டில் இருப்பது விமானம் இங்கே ஏறும் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே இறங்கும் வாயிலில் நிற்கும் வரையான நேரம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: டிசம்பரில் நியூயார்க் 13 மணி நேரம் பின்னால். ஞாயிறு இரவு 12 மணிக்கு இங்கே கிளம்பினால் அங்கே அப்போது ஞாயிறு காலை 11தான். பதினெட்டரை மணி நேரம் கூட்டினால் திங்கள் காலை 5.30. திரும்பும்போது இது தலைகீழ், ஞாயிறு இரவு ஏறினால் செவ்வாய் காலைதான் சாங்கி.

மாமியாரோடு போனவள்:
போன வருஷம் என் மாமியாரை இதே வழியில் கூட்டிப்போனேன். இந்த வழியில் ஓடும் ஏ350 ரக விமானத்தில் மொத்தமே 161 இருக்கைதான், சாதா எகானமியே கிடையாது, அதனால் கால் நீட்ட ஓரளவு இடம் உண்டு. ஆனாலும் நான் ஒரு தப்புச் செய்தேன். நன்றாகத் தூங்குகிறாரே என்று எழுப்பாமல் விட்டுவிட்டேன், இறங்கும்போது கால் வீங்கிச் செருப்புக்குள்ளேயே நுழையவில்லை. நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள், விழித்திருக்கும்போதெல்லாம் நடக்கவையுங்கள், அழுத்தக் காலுறை சரிவருமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலிக்கு இப்போதே பதிந்து வையுங்கள், அங்கே குடிநுழைவு வரிசையில் அவரால் நிற்க முடியாது.

தெம்பனிஸ்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி நண்பரே. சாத்துக்குடியில் நூல் சுற்றிக் காட்டினேன், அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிராங்பர்ட்டில் நின்று போகும் விமானமும் இருக்கிறது, நடுவில் இறங்கி நடக்கலாம், ஆனால் முழுசாக ஒரு நாள் ஆகிவிடும். முட்டிக்கு எது தேவலை என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டும்.