உத்திரமேரூர், சுவாமிமலை போக ஒரு உதவி

வணக்கம் நண்பர்களே. குரோம்பேட்டையில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. ஊர் சின்னது, பேர் பெரியது என்கிற மாதிரி இரண்டு ஊர்களை அவளுக்குக் காட்ட ஆசை.

முதலில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது; பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அது. சபைக்கு நிற்பவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும்; சொந்த நிலம், சொந்த மனையில் வீடு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இவ்வளவு கறார்! எந்த வரி எங்கே என்று காட்டிப் படித்துச் சொல்ல அங்கே யாராவது கிடைப்பார்களா? கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் நானே கற்றுக்கொண்டு போவேன்.

அப்புறம் சுவாமிமலை. 2023-ல் டில்லி பாரத் மண்டபத்தில் நிறுவிய 27 அடி நடராஜர் அந்த ஊர் ஸ்தபதிகள் செய்தது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். அந்த ஊற்றும் நேரத்தைத்தான் அவள் பார்க்க வேண்டும். பட்டறையில் பிள்ளைகளை விடுவார்களா? யாரிடம் முன்கூட்டியே கேட்பது?

மே விடுமுறையில் கிளம்புகிறோம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.