கொசு லிக்விட் மெஷினில் கருகிய வாடை: காரணம் ஹீட்டரா, வோல்டேஜா?

வேளச்சேரியில் இரண்டாவது மாடி வீடு. மழை ஆரம்பித்ததிலிருந்து கொசு லிக்விட் மெஷினைப் போட்ட அரை மணி நேரத்தில் கருகிய வாடை வருகிறது. 45 மில்லி பாட்டில், டிரான்ஸ்ஃபுளூத்ரின் மருந்து. திரியின் நுனி கரியாகிக் கிடக்கிறது, மருந்தோ குறையவே மாட்டேன் என்கிறது. கொசு மட்டும் நிம்மதியாக இருக்கிறது!

புது பாட்டில் மாற்றினேன். சில நாள் சரியாக இருந்தது, அப்புறம் அதே வாடை. மெஷினும் பாட்டிலும் ஒரே கம்பெனிதான், அதனால் திரி அளவு பொருந்தாத பிரச்சினை இல்லை. பிளக்கைக் கழற்றி, ஆறிய பிறகு உள்ளே இருக்கும் ஹீட்டர் வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்தேன். பாயிண்ட் படுக்கைவாட்டில் இருந்ததால் பாட்டில் சாய்கிறதோ என்று நேராக நிற்கும் ஹால் பாயிண்ட்டில் போட்டும் பார்த்தாயிற்று. வேகத்தைக் குறைந்த நிலையில் வைத்தால் வாடை கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம். ராத்திரி எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறுகிறது, மல்டிமீட்டர் 255 காட்டியது. ஆனால் ஃபேன், லைட் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் திரும்பத் திரும்ப “பாட்டிலை மாத்துங்க சார்” என்கிறார்.

255 வோல்ட்டில் திரி இப்படிக் கருகுமா, இல்லை ஹீட்டர்தான் போய்விட்டதா?