நீல லைட்டில் நூல் நிறம் பிழைக்கிறது, நித்திரையும் வரவில்லை

வெள்ளவத்தை_தையல்:
வணக்கம். வீட்டு அறையொன்றில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பக்கத்துத் தொடர்மாடி எழும்பிய பிறகு அறை இருட்டாகிவிட்டது. தம்பி, நிறம் மாற்றும் எல்ஈடி ஸ்ட்ரிப் ஒன்றைக் கூரையோரம் ஒட்டித் தந்தார். நீலம் மனதை ஆற்றும் என்றார், அதனால் இரவில் அதைத்தான் போடுகிறேன். இப்போது மெரூன் சேலைக்கு எடுத்து வைத்த நூல், பகலில் பார்த்தால் கடும்பச்சையாக இருக்கிறது. அடுத்த அறைக்குப் போனால் வெள்ளைச் சுவர் மஞ்சளடிக்கிறது. படுத்தால் நித்திரை இல்லை. ஸ்ட்ரிப்பை வெள்ளைக்கு மாற்றினாலும் நிறம் சரியாகப் பொருந்தவில்லை. கண்ணில் ஏதும் கோளாறா? கல்யாண ஓடர்கள் கையில் இருக்கின்றன.

மேடை_லைட்:
அக்கா, நீங்கள் சொன்ன மூன்றுக்கும் அந்த லைட்டே காரணமாக இருக்கலாம். மெரூன் துணி சிவப்பு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். நீல லைட்டில் சிவப்பே இல்லை. அதனால் மெரூன், கடும்பச்சை, கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். ஸ்ட்ரிப்பின் வெள்ளையும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வருவதுதான். நடுவில் வரவேண்டிய மஞ்சள், செம்மஞ்சள் ஒளி அதில் மிகக் குறைவு. அந்த வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் நூலும் துணியும் வெயிலில் வேறாகத் தெரியலாம்.

சுவர் மஞ்சளடிப்பதற்குப் பயப்பட வேண்டாம். நீலத்தில் நெடுநேரம் இருந்தால் கண் அந்த நிறத்தைத் தள்ளிவைத்துப் பழகும், வெளியே வந்ததும் எதிர்நிறம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மாறாவிட்டால் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நித்திரைக்கு வருவோம். விழித்திரையில் உருவம் பார்க்க அல்லாமல், வெளிச்சத்தை அளக்கவே சில கலங்கள் இருப்பது 2002இல் தெளிவானது. அவற்றிலுள்ள மெலனொப்சின் என்ற ஒளியுணரும் நிறப்பொருள் 480 நானோமீற்றர் அளவிலான நீலத்துக்குத்தான் அதிகம் துடிக்கும். இரவில் நீலம் போட்டால் இன்னும் பகல் என்று மூளைக்குச் செய்தி போகும், நித்திரைக்கு உதவும் மெலற்றோனின் என்ற ஹோர்மோன் சுரப்பது தள்ளிப்போகும். நீலச் சுவர் சிலருக்கு இதமாக இருக்கலாம், இரவில் நீல லைட் ஆளை உசுப்பித்தான் விடும்.

கொட்டாஞ்சேனை_ராணி:
அப்ப பிங்க் போடலாமே? சிறைச்சாலையில் அந்த நிறம் அடித்துக் கைதிகளை அடக்கினார்களாம்.

மேடை_லைட்:
அது 1979இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்தது, லைட் அல்ல, சுவர்ப் பெயின்ற். பிறகு கட்டுப்பாட்டோடு செய்த ஆய்வுகளில் அந்த விளைவு உறுதிப்படவில்லை. பிங்க் லைட்டில் நூல் பார்த்தாலும் இதே கதைதான்.

அக்கா, வேலையை இரண்டாகப் பிரியுங்கள். நிறம் பொருத்துவதைப் பகலில், யன்னலோரம் செய்யுங்கள். வடக்கு யன்னல் நல்லது என்று புத்தகங்களில் இருக்கும். ஆனால் கொழும்பில் ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழும், மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். மாலைக் கடல் வெயில் வேண்டாம், அது எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். இரவுத் தையலுக்கு 2700 அல்லது 3000 கெல்வின் மின்குமிழ் (மஞ்சள் சாயலான வெளிச்சம்) போதும், பெட்டியில் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண், 90க்கு மேல் என்று இருக்கவேண்டும். ஆர்9 எண்ணும் போட்டிருந்தால் கூடியதாகப் பாருங்கள், கடும் சிவப்பை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பது அதில் தெரியும். மேசை லாம்பில் பூட்டி, கண்ணில் படாமல் துணியில் மட்டும் விழவிடுங்கள்.

வெள்ளவத்தை_தையல்:
மிக்க நன்றி. புறக்கோட்டையில் 90 போட்ட குமிழ் கிடைத்தது. மெரூனும் பச்சையும் இப்போது பிரிந்து தெரிகின்றன, நித்திரையும் முன்னையைவிடப் பரவாயில்லை. இன்னொரு சந்தேகம்: ஒரு தங்கநிற நூல் யன்னலோரம் பொருந்துகிறது, லாம்பில் பொருந்தவில்லை. எதை நம்புவது?

மேடை_லைட்:
கல்யாணம் பகலில் கோயிலிலா, இரவில் மண்டபத்திலா என்று கேளுங்கள். மண்டபங்களில் பெரும்பாலும் மஞ்சள் லைட்தான், அப்படியென்றால் லாம்பில் பொருந்தும் நூலை எடுங்கள். இரண்டு இடமும் என்றால், இரண்டிலும் ஓரளவு ஒத்துப்போகிற வேறு நூல் தேடுவதே நல்லது.