காது வலிக்காத ரோலர் கோஸ்டர் எது?

நண்பர்களே, அடுத்த மாதம் ஒஹாயோவில் சீடர் பாயிண்ட் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறோம். போன வருடம் வேறொரு பூங்காவில், தோள்மேல் கம்பி இறங்கும் பழைய ரோலர் கோஸ்டரில் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் காது அந்தக் கம்பியில் மோதி இரண்டு நாள் தலைவலி. வேகம் எனக்குப் பிரச்சினையே இல்லை, அந்த உலுக்கல்தான்.

அங்கே உள்ள ரோலர் கோஸ்டர்களில், 310 அடி உயர மில்லினியம் ஃபோர்ஸிலும் ஸ்டீல் வெஞ்சன்ஸிலும் மடிமேல் இறங்கும் கம்பிதான், தோளில் எதுவும் இல்லை. ஸ்டீல் வெஞ்சன்ஸ், குலுக்கலுக்குப் பேர்போன ‘மீன் ஸ்ட்ரீக்’ (Mean Streak) என்ற பழைய மர ரோலர் கோஸ்டரின் சட்டத்தில் இரும்புத் தண்டவாளம் போட்டு 2018இல் திறந்தது. இப்போது நிஜமாகவே வழுக்கிக்கொண்டு போகிறதா? அங்கே உள்ள இன்னொரு ரோலர் கோஸ்டரான ராப்டரில் தோள்கம்பி உண்டு; ஐந்தடி உயர என் மனைவிக்குக் காதில் இடிக்குமா? அப்புறம், உலுக்கல் குறைய, சக்கரத்துக்கு மேலே இல்லாத இருக்கையைக் கேட்டால் தருவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.