மறு: ‘வோலட்டிலிட்டி’ – தளும்பலா, தளம்பளவா?

ஐயா, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை நடக்கும் நம் முதலீட்டு வகுப்புக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மருந்து நிறுவனப் பங்கு ஒன்றின் விலை நாளுக்கு நாள் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் பொருள். ‘வோலட்டிலிட்டி’ என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு மூன்று சொற்கள் கிடக்கின்றன: ஏற்ற இறக்கம், நிலையற்ற தன்மை, ஆவியாகும் தன்மை. மூன்றாவதைப் பெட்ரோலுக்கு விட்டுவிடுவோம்.

‘ஏற்ற இறக்கம்’ என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசை அக்கா உடனே கேட்டார்: “30 பெர்சன் ஏற்ற இறக்கம்னா, ஏறுமா எறங்குமா?” இரண்டும் இல்லை என்று விளக்குவதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அந்த எண்ணுக்குத் திசையே கிடையாது. இன்றைய இறுதி விலையை நேற்றைய இறுதி விலையால் வகுத்து மடக்கை எடுத்தால் அன்றைய ஈட்டம். அப்படிப் பல நாள் ஈட்டங்களின் திட்ட விலக்கத்தை, அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கண்டு, ஆண்டுக்கு மாற்ற 252 வணிக நாளின் வர்க்கமூலமான 15.87ஆல் பெருக்குகிறோம். நாளுக்கு 2 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 31.7. விலை எங்கே போகிறது என்பதை அது சொல்லாது, போகும் வழியில் எவ்வளவு ஆடுகிறது என்பதைத்தான் சொல்லும்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க மேட்டிலிருந்து இறங்கும்போது பால் தளும்பும். அதன் மேல் இரண்டு இலையைப் போட்டுக்கொள்வார். வாளியில் எவ்வளவு பால் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தளும்புகிறது என்பது இன்னொரு கேள்வி. ஆகவே ‘தளும்பல்’ என்று வைக்கலாமா?

(அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பங்கு, துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குதான். அன்றாடச் சந்தை விலை இல்லாததால் அது தளும்பவே இல்லை.)

* * *

தங்கச்சி,

வாளி நன்றாக இருக்கிறது. ஆனால் இலங்கைத் தமிழர் ‘விலைத் தளம்பல்’ என்று முன்பே எழுதுகிறார்கள். ஓர் உயிர் மாற்றத்துக்காக நாம் தனிக்கடை போடவேண்டாம். ‘தளம்பு’ என்றே கொள்வோம்.

அடுத்தது, ‘தளம்பல்’ என்பது நடக்கும் செயல். நீங்கள் கேட்பது எண். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு அல்லவா? எண்ணுக்குத் ‘தளம்பளவு’ என்று வைத்துப் பாருங்கள். ‘தளம்பளவு 31.7’ என்றால் ஏறுமா இறங்குமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

> மருந்து நிறுவனப் பங்கு ஒன்றின் விலை

இங்கேதான் எனக்குச் சந்தேகம். மருந்துப் பங்கு மாதக்கணக்கில் சும்மா கிடந்து ஒரே நாளில் சரிவதைப் பார்த்திருக்கிறேன். அது வாளி தளம்பியதா, கவிழ்ந்ததா?

* * *

ஐயா,

‘தளம்பளவு’ சரி. கேட்ட கேள்விதான் சிக்கலானது.

மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பர் 30 அன்று வயாக்ஸ் மூட்டுவலி மருந்தைத் திரும்பப் பெற்றது. முதல்நாள் 45.07 டாலரில் முடிந்த பங்கு அன்று 33 டாலரில் முடிந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 27 விழுக்காடு சரிவு. கணக்குக்காக, மற்ற நாள்களில் அது 1.3 விழுக்காடுதான் ஆடியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆண்டுத் தளம்பளவு 21ஐ ஒட்டி இருக்கும். கடைசி 30 நாளை மட்டும் கணக்கில் எடுக்கும் சாளரத்துக்குள் அந்த ஒரு நாள் நுழைந்ததும் 90ஐத் தாண்டிப் போய்விடும். வேடிக்கை பிறகுதான். 30 வணிக நாள் கழிந்து அந்த நாள் சாளரத்தைவிட்டு வெளியேறியதும் எண் மறுபடி 21க்கு விழுகிறது. அன்று சந்தையில் ஒன்றுமே நடந்திருக்காது. வரைபடத்தைப் பார்ப்பவர் மட்டும் ‘பங்கு அமைதியாகிவிட்டது’ என்று நினைப்பார். ஆகவே எத்தனை நாள் சாளரம் என்பதைச் சொல்லாமல் தளம்பளவு சொல்வது, எந்தக் கடை என்று சொல்லாமல் ரொட்டி சானாய் விலை சொல்வதுபோல.

நம் ஊர் உதாரணமும் உண்டு. 2023 பிப்ரவரி இறுதியில் பார்மானியாகா மருந்து நிறுவனம், விற்காமல் தேங்கிய கோவிட் தடுப்பூசிக்காக 552.3 மில்லியன் வெள்ளியை (ரிங்கிட்) இழப்பாக ஒதுக்கி, நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்களுக்கான பிஎன்17 பட்டியலில் விழுந்தது. இதுவும் ஒரே அறிவிப்பில் வந்த அடி. ஆகையால் கவிழ்வதற்குத் தனிச்சொல் வேண்டும் என்கிறேன். ‘கவிழ்வு’ என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். நல்ல செய்தி வந்தால் மேலேயும்தானே எகிறும்! ‘தாவல்’ இரண்டுக்கும் பொருந்தும்.

பொய்த்தாவலும் உண்டு. டாப் குளோவ் 2020 செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு இலவசப் பங்கு கொடுத்தது. விலை மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, ஆனால் யாருக்கும் நட்டமில்லை. பழைய விலைகளைச் சரிக்கட்டாமல் கணக்குப் போட்டால் 67 விழுக்காடு சரிவு என்று காட்டும். என் முதல் அட்டவணையில் நானே இதில் மாட்டிக்கொண்டேன். கையுறைப் பங்குதான் என்றாலும் பாடம் ஒன்றுதான்.

இன்னொன்று, ‘குறைகுடம் கூத்தாடும்’ என்பது நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் விதியாகவே இருக்கிறது. ஒரு வெள்ளியும் அதற்கு மேலும் விலையுள்ள பங்கு ஒரு நாளில் 30 விழுக்காடுதான் நகரலாம். ஒரு வெள்ளிக்குக் கீழே வரம்பு 30 சென். 50 சென் பங்கு ஒரே நாளில் 60 விழுக்காடு இறங்கினாலும் வரம்பு மீறவில்லை!

கடைசியாக, ‘ஹிஸ்டாரிக்கல் வோலட்டிலிட்டி’யை ‘வரலாற்றுத் தளம்பளவு’ என்று எழுத மனம் வரவில்லை. போன 30 நாள் கதைக்கு வரலாறா? சோழர் காலம் மாதிரி இருக்கிறது.

* * *

தங்கச்சி,

அளவை நூலார் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்பார்கள். நடந்து முடிந்த விலைகளிலிருந்து கண்டது காண்டல் தளம்பளவு. வாரண்டு, அதாவது குறித்த விலையில் பங்கைப் பின்னர் வாங்கும் உரிமைச் சீட்டு, அதன் விலையை வைத்து, சந்தை இனி எவ்வளவு ஆடும் என்று எண்ணுகிறது என ஊகிப்பது கருதல் தளம்பளவு. இரண்டுக்கும் சொல் நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

மூன்றாவதான உரையைக் காப்பிக்கடைக்கு விட்டுவிடலாம். “மச்சான், இந்த மருந்துப் பங்கு நாளைக்கு ஏறும், வாங்கிப் போடு.”

* * *

ஐயா,

காண்டல் என்றதும் எனக்குக் காண்டா வாளிதான் கண்ணில் நிற்கிறது, மன்னிக்கவும். பட்டியலில் இப்படி ஏற்றியிருக்கிறேன்:

தளம்பல் – விலை ஆடும் செயல். தளம்பளவு – அதன் எண். சாளர நாள்களைச் சேர்த்தே எழுதவேண்டும். காண்டல் தளம்பளவு, கருதல் தளம்பளவு. தாவல் – ஒரே செய்தியில் விலை எகிறுவதோ விழுவதோ.

‘தாவல்’ பற்றி மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கைப்பேசித் திரையின் ‘டேப்’புக்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள், இடிக்குமோ என்று யோசனை. சனிக்கிழமை அந்த அக்காவிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன்.